நிரல் உரைத்தொகுப்பான்களின் அமைப்புவழி நகர்வுக் கட்டளைகள்: பெயரிடலும் வரையறையும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரல் எழுதப் பயன்படும் உரைத்தொகுப்பான்களில், எழுத்து எழுத்தாகவோ வரி வரியாகவோ செல்லாமல், நிரலின் தொடரியல் உறுப்புகளை அலகாகக் கொண்டு நிலைகாட்டியை நகர்த்தும் கட்டளைகள் உள்ளன. அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் லிஸ்ப் மொழிச் சூழலில் தோன்றிப் பிற நிரல்மொழிகளுக்குப் பரவியவை. பெயர் பரவிய அளவுக்கு வரையறை பரவவில்லை என்பதையும், ஆங்கிலத் திசைச்சொற்களை நேராகப் பெயர்த்தால் தமிழில் எதிர்ப்பொருள் தோன்றும் என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது. பெயர்ப்பகுப்பு, நூற்குற்றம் ஆகியன பற்றிய நன்னூல் கருத்துகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், உரைத்தொகுப்பான், அமைப்புவழி நகர்வு, ஈமேக்ஸ், காரணப்பெயர், மயங்க வைத்தல்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருள்களின் பெயர்களையே கருதுகின்றன. ஒரு கருவிக்கோ ஒரு வேதிப்பொருளுக்கோ பெயரிடுங்கால், பெயர் சற்றுப் பிழைபட்டாலும் பொருள் கண்முன் நின்று ஐயத்தைத் தீர்த்துவிடும். கட்டளைப் பெயர்களின் நிலை வேறு. கட்டளை என்பது இன்னும் நிகழாத ஒரு செயலின் பெயர். பயனர் பெயரை நம்பியே அதனை ஏவுகிறார். பெயர் திசை மயக்கம் தருமானால் செயலும் திசை மாறுகிறது.

நிரல் உரைத்தொகுப்பான்களின் நகர்வுக் கட்டளைகள் இதற்குத் தக்க சான்றாவன. திரையைக் காண்போர், கட்டளை தந்த விளைவைக் கண்டு பிழையைத் திருத்திக்கொள்ளலாம். திரையைக் காண இயலாத நிரலர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன் 1995-இல் வெளியிட்ட ஈமேக்ஸ்பீக் என்னும் பேச்சு இடைமுகம் ஈமேக்ஸ் உரைத்தொகுப்பானை அடிப்படையாகக் கொண்டது. செவிவழிப் பயன்பாட்டில், அமைப்புவழி நகர்வு வசதிக்காகச் சேர்த்த கூறன்று. நிரலைப் படிப்பதற்கான முதன்மை வழிகளுள் ஒன்று. ஆகவே இக்கட்டளைகள் எவ்வாறு பெயர் பெற்றன, அப்பெயர்க்குரிய வரையறை எத்துணைச் செம்மையானது, தமிழில் அவற்றை எவ்வாறு வழங்கலாம் என்பன ஆய்வுக்குரிய வினாக்களாகின்றன.

அலகும் நகர்வும்

ஒவ்வொரு நகர்வுக் கட்டளைக்கும் இரு கூறுகள் உண்டு: எதனைக் கடப்பது என்னும் அலகு, எப்பக்கம் செல்வது என்னும் திசை. ஈமேக்ஸ் இவ்வலகுகளை விசைகளின் வழியே படிநிலைப்படுத்தியுள்ளது. கன்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் ஓர் எழுத்து கடக்கப்படும். மெட்டா விசையுடன் எஃப் அழுத்தினால் ஒரு சொல். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிரலின் ஒரு கோவை. அவ்வாறே ஏ விசை கன்ட்ரோலுடன் வரியின் தொடக்கத்திற்கும், மெட்டாவுடன் வாக்கியத்தின் தொடக்கத்திற்கும், இரண்டுடனும் செயற்கூறு போன்றதொரு வரையறையின் தொடக்கத்திற்கும் இட்டுச்செல்லும்.

எழுத்து, சொல், தொடர் என விரியும் இவ்வடுக்கு இலக்கண மாணவர்க்குப் புதிதன்று. எழுத்தும் சொல்லும் எந்நிரல்மொழியிலும் ஏறத்தாழ ஒரே வகையாக அறியப்படுகின்றன. மூன்றாம் படியாகிய கோவையும் வரையறைப் பகுதியுமோ மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. சிக்கல் இம்மூன்றாம் படியிலேயே தொடங்குகிறது.

வி-ஐ மரபு இதனினும் வேறானது. பில் ஜாய் 1976-இல் உருவாக்கத் தொடங்கிய வி-ஐ உரைத்தொகுப்பானில், இணை அடைப்புக்குறிக்குத் தாவும் கட்டளை விழுக்காட்டுக் குறியாகிய % விசையாலேயே அறியப்படுகிறது. அக்குறிக்கும் அடைப்புக்கும் பொருள்தொடர்பு இல்லை. அதன் வழித்தோன்றலாகிய விம், 'அடைப்பின் உள்ளடக்கம்', 'அடைப்புடன் கூடிய முழுமை' என அலகுகளைப் பிரித்து, வினையை முன்னும் அலகைப் பின்னுமாக அமைக்கிறது. ஹீலிக்ஸ் போன்ற பிற்கால உரைத்தொகுப்பான்கள் அம்முறையை மாற்றி, முதலில் அலகைத் தேர்ந்து பின்னர் வினையை ஏவச் செய்கின்றன. செயப்படுபொருளை அடுத்துப் பயனிலை வரும் தமிழ்த் தொடரமைப்புக்கு இப்பிற்கால முறை நெருக்கமானது.

பெயரின் பிறப்பிடம்

ஈமேக்ஸின் அடிப்படை நகர்வுக் கட்டளை 'ஃபார்வர்டு-செக்ஸ்ப்' எனப்படும். இதன் ஈற்றிலுள்ள 'செக்ஸ்ப்', குறியீட்டுக் கோவை எனப் பொருள்படும் 'எஸ்-எக்ஸ்பிரஷன்' என்பதன் குறுக்கம். ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட லிஸ்ப் பற்றிய கட்டுரையில் விளக்கப்பட்ட அமைப்பு இது. தனிக்குறியும் கோவை, கோவைகளை அடைப்புக்குறிக்குள் நிரல்பட வைத்தால் அதுவும் கோவை. 'அப்-லிஸ்ட்', 'டவுன்-லிஸ்ட்' என்னும் கட்டளைப் பெயர்களில் வரும் 'லிஸ்ட்' இவ்வாறு அடைப்புக்குட்பட்ட தொகுதியைக் குறிக்கும். 'பிகினிங்-ஆஃப்-டீஃபன்' என்பதில் உள்ள 'டீஃபன்', லிஸ்பில் செயற்கூற்றை வரையறுக்கும் சொல்லே.

நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பர். அப்பகுப்பின்படி இம்மூன்றும் லிஸ்ப் நிரலர்க்குக் காரணப்பெயர்கள். சி மொழியில் எழுதுவோர்க்கோ அவை இடுகுறிப்பெயர்கள். சி நிரலில் 'டீஃபன்' என்னும் சொல் வருவதில்லை. அங்கு நெளிவடைப்புக்குள் அமைந்த கூற்றுத்தொகுதியை எவரும் 'லிஸ்ட்' என வழங்குவதுமில்லை. ஈமேக்ஸ் கையேடும் அச்சொல் லிஸ்பிலிருந்து வந்ததென்பதையும், எல்லா மொழிகளுக்கும் அதுவே வழங்கப்படுகிறதென்பதையும் வெளிப்படையாகவே கூறுகிறது. ஒரே பெயர் ஒரு சமூகத்திற்குக் காரணமாகவும் மற்றொன்றுக்கு இடுகுறியாகவும் நிற்றல் இக்கட்டளைகளின் சிறப்பியல்பாகும்.

பிறப்பிடத்தின் சுவடு பெயரில் மட்டுமன்றிச் செயலிலும் நின்றது. வரியின் முதல் இடத்தில் தொடக்க அடைப்புக்குறி இருந்தால் அங்கு ஒரு வரையறை தொடங்குவதாகவே ஈமேக்ஸ் நெடுங்காலம் கருதியது. லிஸ்ப் எழுதும் வழக்கத்திற்கு அது பொருந்தும். ஆயின் ஒரு சரத்தின் நடுவில் அவ்வாறு வரியின் முதலிடத்தில் அடைப்புக்குறி நேர்ந்தால் நகர்வு பிழைபடும். அதனைத் தவிர்க்க, அக்குறிக்கு முன்பாகப் பின்சாய்வுக்கோடு இடும் வழக்கம் லிஸ்ப் நிரலரிடையே தோன்றியது. கட்டளையின் வரையறைக்கேற்பப் பயனர் தம் எழுத்தை மாற்றிக்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

இவற்றின் வேறாக, உருவகத்தால் அமைந்த பெயர்களும் உள. டெய்லர் கேம்ப்பெல் உருவாக்கிய பாரெடிட் என்னும் ஈமேக்ஸ் துணைநிரல், அடைப்புக்கு வெளியேயுள்ள கோவையை உள்ளே இழுத்துக்கொள்ளும் கட்டளைக்கு உறிஞ்சுதல் எனப் பொருள்படும் 'ஸ்லர்ப்' என்றும், உள்ளிருப்பதை வெளியே தள்ளும் கட்டளைக்குக் கக்குதல் எனப் பொருள்படும் 'பார்ஃப்' என்றும் பெயரிட்டது. இவை நகர்வுக் கட்டளைகள் அல்ல. நிரலின் அமைப்பையே மாற்றும் திருத்தக் கட்டளைகள். எனினும் இவற்றின் உருவகம் எந்நிரல்மொழியையும் சாராமையால், பிற உரைத்தொகுப்பான்களின் துணைநிரல்களும் இப்பெயர்களை எளிதில் ஏற்றன.

வரையறையின் எல்லை

பெயர் இடுகுறியாயினும் வரையறை செம்மையாயின் தீங்கில்லை. பத்துவகை நூற்குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்னும் இரண்டும் வரையறைக்கு நேரே பொருந்துவன. அடங்க வேண்டியதை விடுதல் முன்னது. அடங்கக் கூடாததைச் சேர்த்தல் பின்னது. தருக்க நூலார் இவற்றோடு ஒப்பவைத்து அவ்வியாப்தி, அதிவியாப்தி என்பர்.

'அடுத்த கோவையைக் கட' என்னும் கட்டளையை இரு மொழிகளில் வைத்து நோக்கலாம். லிஸ்பில் ஒரு கணக்கு இவ்வாறு அமையும்:

(+ விலை (* வரி 2))

இங்கு ஓரிடத்தில் ஒரு கோவை மட்டுமே தொடங்குகிறது. முதல் அடைப்புக்குறியில் முழுக்கோவை. 'விலை' என்பதன் முதலெழுத்தில் அச்சொல் மட்டும். இரண்டாம் அடைப்புக்குறியில் உட்கோவை. எங்கு நின்றாலும் 'அடுத்த கோவை எது?' என்னும் வினாவுக்கு விடை ஒன்றே. அதே கணக்கைச் சி மொழி முறையில் எழுதினால்,

விலை + வரி * 2

என வரும். 'விலை' என்பதன் முதலெழுத்தில் இப்போது இரு கோவைகள் தொடங்குகின்றன: 'விலை' என்னும் தனிக்குறி ஒன்று, தொடர் முழுவதும் மற்றொன்று. மொழியின் இலக்கணப்படி இரண்டும் கோவைகளே. ஈமேக்ஸின் மரபான முறை, ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் சொல்லுறுப்பு, தொடக்க அடைப்பு, முடிவு அடைப்பு, நிறுத்தக்குறி முதலிய வகை குறிக்கும் அட்டவணையை மட்டுமே கொண்டு முடிவெடுப்பதால், 'விலை' என்பதை மட்டும் கடக்கும். தொடர் முழுவதும் அடைப்புக்குள் இருந்து, நிலைகாட்டி அவ்வடைப்பின் தொடக்கத்தில் நின்றால் முழுவதையும் கடக்கும். ஆகவே சி மொழியில் இக்கட்டளையின் உண்மையான அலகு, அம்மொழி இலக்கணம் கூறும் கோவை அன்று. 'ஒரு சொல், ஒரு சரம் அல்லது சமன்பட்ட அடைப்பு' என்பதே. பெயர் கோவை என்கிறது. செயல் கோவையிற் குறைகிறது. இது குன்றக் கூறலாம்.

பைத்தானில் இக்குறை மேலும் புலப்படும். அங்குக் கூற்றுத்தொகுதியின் எல்லையை உள்தள்ளலே காட்டுகிறது. முடிவு அடைப்புக்குறி இல்லை. அடைப்பை மட்டும் அறிந்த கட்டளை, தன்னைச் சூழ்ந்த கூற்றுத்தொகுதியை அறியாது. ஆகவே ஈமேக்ஸின் பைத்தான் முறையில் கூற்று, தொகுதி என்பவற்றை அலகாகக் கொண்ட தனி நகர்வுக் கட்டளைகள் எழுதப்பட்டன.

'டீஃபன்' என்பதன் நிலை இதற்கு மறுதலை. ஓர் இனக்குழுவுக்குள் செயற்கூறுகளும், அச்செயற்கூற்றுக்குள் மற்றொரு செயற்கூறும் அமையும் நிரலில், நிலைகாட்டி உள்ளே நிற்கும்போது 'வரையறையின் தொடக்கம்' எது? புறத்தே உள்ள இனக்குழுவை மட்டும் கொண்டால் செயற்கூறுகள் விடுபடும்; குன்றக் கூறலாகும். பெயரின்றி ஓர் எண்ணுருவின் இடத்தில் எழுதப்படும் சிறு செயற்கூறு ஒவ்வொன்றையும் கொண்டால் பயனர் எண்ணாத இடங்களிலெல்லாம் நகர்வு நிற்கும், மிகைபடக் கூறலாகும்.

2023-இல் வெளிவந்த ஈமேக்ஸ் 29ஆம் பதிப்பில், ட்ரீ-சிட்டர் என்னும் பகுப்பி நூலகத்தின் துணை இணைக்கப்பட்டது. அது நிரலை முழுமையாகப் பகுத்துத் தொடரியல் மரமாகத் தருவது. முறையான மரம் கிடைத்தபின் வரையறைச் சிக்கல் தீர்ந்துவிடும் என எதிர்பார்த்தல் இயல்பு. ஆயின் மேற்கண்ட சான்றில் 'விலை' என்பதன் முதலெழுத்தில் தனிக்குறிக்கணுவும், இருபுறச் செயற்குறிக் கோவைக்கணுவும் ஒருங்கே தொடங்குகின்றன. எதனைக் கடப்பது என மரம் கூறாது. மனிதரே கூற வேண்டும். அதனால்தான் வரையறைப் பகுதிகளை உள்ளடுக்காகக் கொள்வதா, மேல்மட்டத்தில் மட்டும் கொள்வதா எனத் தேர்வதற்குத் தனி மாறி ஒன்று அமைக்கப்பட்டது. 2025-இல் வெளிவந்த 30ஆம் பதிப்பில், கோவை, வாக்கியம், வரையறை போன்ற அலகுகள் ஒவ்வொரு மொழியிலும் எவ்வெக்கணுக்களைக் குறிக்கும் என எழுதிவைக்கும் அட்டவணை இடம்பெற்றது. பகுப்பி கணுக்களைத் தருகிறது. அவற்றுள் எது அலகு என்பது வரையறைப் பணியாகவே எஞ்சுகிறது.

திசைச்சொற்களின் மயக்கம்

அலகை அடுத்துத் திசை ஆராயத்தக்கது. ஈமேக்ஸில் 'அப்' என்பது சூழ்ந்துள்ள அடைப்பிலிருந்து வெளியேறுதலையும், 'டவுன்' என்பது அடைப்பினுள் புகுதலையும் குறிக்கும். கணினியியலில் மரத்தின் வேரை மேலே வைத்து வரையும் வழக்கமே இதற்குக் காரணம். திரையில் இது பொருந்துவதில்லை. ஒரே வரியில் உள்ள அடைப்பிலிருந்து 'மேலே' சென்றால் நிலைகாட்டி இடப்புறமோ வலப்புறமோதான் செல்லும். மேல்வரிக்குச் செல்லும் கட்டளை வேறு உளது. 'மேல்', 'கீழ்' என்றே தமிழில் பெயர்த்தால் இருவேறு நகர்வுகள் ஒரே சொல்லில் மயங்கும். மேலும், தமிழில் 'மேல்' என்பது உரையில் இருதிசைக்கும் உரியது. 'மேற்கூறிய' என்பது கடந்ததையும், 'இனிமேல்' என்பது வருவதையும் சுட்டும்.

இதனினும் ஆழமானது 'முன்', 'பின்' என்பவற்றின் மயக்கம். 'முன்னோக்கிச் செல்' எனின் உரையின் முடிவு நோக்கிச் செல்லுதல். 'முன்பு கூறியது' எனின் உரையின் தொடக்கம் நோக்கி இருப்பது. 'பின்னோக்கி' என்பது தொடக்கம் நோக்கியது. 'பின்வருவது' என்பது முடிவு நோக்கியது. இடப்பொருளும் காலப்பொருளும் எதிரெதிர்த் திசையில் ஒரே சொல்லைப் பற்றியுள்ளன. எனவே 'முன் கோவை' என்று ஒரு பட்டியலில் எழுதினால், ஒருவர் அதனைக் கடந்துவந்த கோவை எனவும் மற்றொருவர் எதிர்ப்படும் கோவை எனவும் கொள்வர். இருவரும் தமிழறிவில் குறைந்தவரல்லர்.

இம்மயக்கம் இன்று தோன்றியதன்று. நன்னூல் புணர்ச்சி விதிகளில் 'உயிர்முன் வல்லினம்' என்னுமிடத்து, வல்லினம் உயிரை அடுத்து வருதலே கருதப்படுகிறது. பலாச்சுளை என்பதில் ஆகார ஈற்றை அடுத்தே வல்லினம் நிற்கிறது. இக்கால வழக்கில் பயின்ற மாணவர் அத்தொடரை முதன்முறை படிக்கும்போது, உயிருக்கு முந்தி வல்லினம் வருவதாகத் தடுமாறுதல் வகுப்பறையில் அறிந்ததே. ஆசிரியர் விளக்கும் வரை மாணவர் காத்திருக்கலாம். கட்டளையோ விளக்கத்திற்குக் காத்திருப்பதில்லை. கோவையை நீக்கும் கட்டளைகள் இத்திசைச்சொற்களையே கொண்டு இரு வகையாக அமைவதால், திசை மயங்கினால் நீங்குவது வேறொரு கோவையாகும். நூற்குற்றங்களுள் மயங்க வைத்தல் என்பதற்கு இது நேர்ச்சான்று.

தமிழில் தீர்வும் உண்டு. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் 28 உருபுகளுள் முன், பின், மேல், கீழ் என்பவற்றோடு உள், அகம், புறம் என்பனவும் இடம்பெறுகின்றன. முன்னைய நான்கும் நோக்குவோர் நிலையையோ காலத்தையோ சார்ந்து பொருள் மாறக்கூடியவை. உள், அகம், புறம் என்பன சூழ்ந்துள்ள எல்லையை மட்டுமே சார்ந்தவை. அமைப்புவழி நகர்வு எல்லைகளைச் சார்ந்தது. அதற்கு எல்லை சார்ந்த சொற்களே இயைபுடையன. ஆங்கிலப் பெயரிலுள்ள மர உருவகத்தைத் தமிழ் சுமக்க வேண்டியதில்லை.

ஒரே அடைப்பினுள் அடுத்தடுத்து நிற்கும் உறுப்புகளை உடன்பிறப்பு எனக் குறிக்கும் வழக்கு ஹீலிக்ஸில் உள்ளது. அங்கு 'அடுத்த', 'முந்தைய' என அடைகொடுத்தே வரிசை உணர்த்தப்படுகிறது. தமிழ் உறவுமுறைச் சொற்களோ அண்ணன், தம்பி, அக்கை, தங்கை எனப் பிறப்பு வரிசையைத் தம்முள்ளேயே கொண்டவை. மூத்த உறுப்பு, இளைய உறுப்பு என்றால் அடையின் மயக்கமின்றி வரிசை விளங்கும்.

தமிழ்ப் பெயரும் வரையறையும்

மேற்கண்டவற்றால், நகர்வுக் கட்டளையின் வரையறை நான்கு உறுப்புகள் கொண்டிருத்தல் வேண்டும் எனப் பெறப்படுகிறது: அலகு, புறப்பாடு, சேர்விடம், தடை. தடை என்பது கட்டளை எங்கு நின்றுவிடும் என்பதாம். ஈமேக்ஸில் அடுத்த கோவையைக் கடக்கும் கட்டளை, அடைப்பின் இறுதியில் நிற்கும்போது ஏவப்பட்டால் அடைப்பைத் தாண்டிச் செல்லாமல் பிழைச்செய்தி தரும். இத்தடையைக் கூறாத வரையறை, கடத்தலையும் வெளியேறுதலையும் வேறுபடுத்தாது. இவ்வுறுப்புகளைக் கொண்டு பின்வரும் பெயர்கள் முன்மொழியப்படுகின்றன.

1. கோவை கட: நிலைகாட்டியை அடுத்துத் தொடங்கும் கோவையின் முடிவில் நிறுத்தும். சூழ்ந்துள்ள அடைப்பை மீறாது.

2. கோவை மீள்: நிலைகாட்டிக்குச் சற்று முந்தி முடிந்த கோவையின் தொடக்கத்தில் நிறுத்தும். சூழ்ந்துள்ள அடைப்பை மீறாது.

3. உட்புகு: அடுத்து வரும் அடைப்பின் தொடக்கக்குறியைக் கடந்து அதனுள் நிறுத்தும். ஒரே மட்டத்தில் அத்தகைய அடைப்பு இல்லையெனில் நகராது.

4. தொடக்கவழி வெளியேறு: சூழ்ந்துள்ள அடைப்பின் தொடக்கக்குறிக்குப் புறத்தே நிறுத்தும்.

5. முடிவுவழி வெளியேறு: சூழ்ந்துள்ள அடைப்பின் முடிவுக்குறிக்குப் புறத்தே நிறுத்தும்.

6. வரையறைத் தொடக்கம், வரையறை முடிவு: நிலைகாட்டியைச் சூழ்ந்துள்ள, பெயர் பெற்ற வரையறைகளுள் மிக அணுகியதன் எல்லைகளில் நிறுத்தும்.

இவற்றுள் முதலிரண்டும் திசைச்சொல்லைத் தவிர்த்து, 'கட', 'மீள்' என வினையிலேயே திசையை அமைத்துள்ளன. நான்காவதும் ஐந்தாவதும் இடம், வலம் என்னாது தொடக்கம், முடிவு என்பதால், வலமிருந்து இடமாக எழுதும் எழுத்துமுறைக்கும் பொருந்தும். ஆறாவதில் 'பெயர் பெற்ற' என்னும் அடை, பெயரில்லாச் சிறு செயற்கூறுகளை விலக்கி மிகைபடக் கூறலைத் தடுக்கிறது. 'மிக அணுகியது' என்பது உள்ளடுக்கான செயற்கூறுகளையும் அடக்கிக் குன்றக் கூறலைத் தடுக்கிறது. கோவை என்பது எது என ஒவ்வொரு நிரல்மொழிக்கும் தனியே கூறுதல் இன்றியமையாதது. பெயர் பொதுவாக நிற்க, அலகின் விளக்கம் மொழிதோறும் அமையும்.

முடிவுரை

அமைப்புவழி நகர்வுக் கட்டளைகளின் பெயர்கள் தாம் பிறந்த லிஸ்ப் மொழியில் காரணமுடையனவாகவும், பரவிய மொழிகளில் இடுகுறியாகவும் நிற்கின்றன. லிஸ்பில் ஓரிடத்தில் ஒரு கோவையே தொடங்கும் என்பதே அவ்வரையறையின் செம்மைக்கு அடிப்படை. இடைநிலைச் செயற்குறிகள் கொண்ட மொழிகளில் அவ்வடிப்படை இல்லாமையால் அவ்வரையறை குன்றுகிறது; தொடரியல் மரமும் அதனைத் தானே நிறைவு செய்வதில்லை. தமிழில் முன், பின், மேல், கீழ் என்பன காலமும் இடமும் மயங்கும் சொற்களாதலால் கட்டளைப் பெயர்களில் தனித்து நிற்கத் தகுதியற்றவை. உள், புறம், தொடக்கம், முடிவு என்னும் எல்லைச்சொற்களும், திசையைத் தம்முள் கொண்ட வினைகளும் அவ்விடத்திற்கு ஏற்றவை. கட்டளைப் பெயர்களின் பட்டியலைத் தமிழாக்குவோர் மூலச்சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுமுன், அக்கட்டளை நிலைகாட்டியை எங்கிருந்து எங்குக் கொண்டுசெல்கிறது, எங்கு நிறுத்துகிறது என்பதை எழுதிக்கொள்ளுதல் வேண்டும். திரையைக் காணாது செவியால் மட்டும் நிரலை அறிவோர்க்கு, அவ்வாறு பிறந்த பெயரே நம்பத்தகுந்த வழிகாட்டியாகும்.